எனெம் ஆங்கிலம்: முதலில் கேள்வியைப் படியுங்கள்

பிரேசிலில் பல்கலைக்கழகம் சேர எழுதும் எனெம் தேர்வுக்கு ஆங்கிலம் பழகுகிறவர்கள் பத்திக்கு முன்னால் கேள்வியைப் படித்துவிடுங்கள். அங்கே பத்தி மட்டும்தான் ஆங்கிலம்; கேள்வியும் ஐந்து விடைகளும் போர்த்துகீசியத்தில் இருக்கும். எதைத் தேட வேண்டும் என்பது தாய்மொழியிலேயே தெரிந்துவிடுவதால், தெரியாத சொல்லுக்கெல்லாம் நின்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்துக்கு 5 கேள்விகள்தான். ஆனால் அதே நாளில் கட்டுரையும் எழுத வேண்டும், நிமிடங்கள் முக்கியம். பழைய வினாத்தாள்கள் தேர்வை நடத்தும் இனெப் அமைப்பின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

போர்த்துகீசியச் சொல் போலவே தெரிகிற ஆங்கிலச் சொற்களிடம் மட்டும் கவனம். ஆங்கில 'ப்ரிடெண்ட்' பாசாங்கு செய்வது. போர்த்துகீசிய 'ப்ரெதெந்தெர்' செய்ய நினைப்பது. அப்புறம், கேள்வியே ஆங்கிலத்தில் வரும் தேர்வுகளுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது.