கட்டம் போட்ட நோட்ல ஆரம்பிச்சு சொந்தமா ஒரு குட்டி ரவுட்டர் எழுதலாம் வாங்க

பெங்களூர்ல பிடிஎம் லேஅவுட்ல நான் இருக்கிற பிஜில பக்கத்து ரூம் தம்பி ஒருத்தன், திருநெல்வேலிக்காரன், விஎல்எஸ்ஐ (சிப் டிசைன்) கோர்ஸ் முடிச்சிட்டு இன்டர்வியூ இன்டர்வியூவா அலைஞ்சிட்டு இருக்கான். போன வாரம் வந்து "அண்ணே, ரவுட்டிங் எப்படி நடக்குதுன்னு கேட்டாங்க, டூல்ல கமாண்ட் குடுத்தா அதுவே பண்ணிரும்னு சொல்லிட்டேன்ணே, அதோட அனுப்பிட்டாங்க"ன்னு உட்கார்ந்துட்டான். ரவுட்டிங்னா சிப்புக்குள்ள ஒயர் போய்ச் சேர வேண்டிய புள்ளிங்கள, அதாவது பின்கள, ஒயரால இணைக்க வழி தேடுறது; அத பண்ற ப்ரோகிராம்தான் ரவுட்டர், வீட்டு வைஃபை பொட்டி இல்ல. அன்னைக்கு ராத்திரி அவனுக்கு சொன்னதத்தான் இங்க எழுதுறேன், பைத்தான் சுமாரா தெரிஞ்சா போதும்.

முதல்ல கம்ப்யூட்டர மூடி வச்சிட்டு கணக்கு நோட்டு ஒண்ணு எடுங்க. 5 வரிசை, 7 காலம். மூணாவது வரிசைல முதல் கட்டத்துல ஒரு பின், அதே வரிசைல ஆறாவது கட்டத்துல இன்னொரு பின். நாலாவது காலத்துல 2, 3, 4 வரிசைய கருப்படிச்சிருங்க, அது சுவர். இப்ப முதல் பின்ல 0 எழுதி, அதை ஒட்டி மேல கீழ இடது வலதுல காலியா இருக்கிற கட்டத்துல 1, அதை ஒட்டி 2, இப்படியே தண்ணி பரவுற மாதிரி நிரப்பிட்டே போனா ரெண்டாவது பின்ல 9 விழும் (சுவர் இல்லன்னா 5, மேல ஏறி இறங்குறதுக்கு 4 கூடுது). அங்கிருந்து 8, 7, 6ன்னு குறையுற பக்கமா திரும்பி வந்தா அதான் ஒயர். திரும்பும்போது முடிஞ்ச வரைக்கும் ஒரே திசைல வாங்க, இல்லன்னா தேவையில்லாம வளைவு வளைவா வரும்.

1961ல லீ எழுதின மேஸ் ரவுட்டிங் இவ்வளவுதான். வழி ஒண்ணு இருந்தா கண்டிப்பா கண்டுபிடிக்கும், அதுவும் இருக்கிறதுலயே குட்டையான வழி. பிரச்சினை மெமரிலயும் நேரத்துலயும்தான், 10,000க்கு 10,000 கிரிட்னா ஒரு லேயருக்கே 10 கோடி கட்டம் (சிப்ல ஒயர் மாடி மாடியா அடுக்குல ஓடும், ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர்). 1967ல ஏக்கர்ஸ் இதுக்கு அழகா ஒண்ணு பண்ணாரு, முழு நம்பர் எதுக்கு, 1, 1, 2, 2, 1, 1, 2, 2ன்னு எழுதினாலே எந்தக் கட்டத்துலயும் முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் வேற வேறயா இருக்கும், ஸோ காலி, சுவர், 1, 2ன்னு நாலு நிலைதான், கட்டத்துக்கு 2 பிட் போதும். எனக்கு ரொம்ப பிடிச்ச ட்ரிக் இது. ஆனா நீங்க எழுதும்போது நேரா ஏ ஸ்டார்ங்கிற தேடல் முறைக்கு போயிருங்க, இதுவரை ஆன செலவோட டார்கெட் பின்னுக்கு இன்னும் எத்தனை கட்டம்ங்கிறதையும் கூட்டி, கம்மியா இருக்கிறத முதல்ல விரிக்கணும், ஹீப் க்யூ (கம்மியா இருக்கிறத முதல்ல எடுத்துக் குடுக்கிற பைத்தான் மாட்யூல்) இருந்தா முப்பது நாப்பது வரில முடிஞ்சிரும்.

லேயர் சேர்க்கும்போது மெட்டல் ஒண்ணுல படுக்கை, ரெண்டுல நெட்டை, மூணுல திரும்ப படுக்கைன்னு மாத்தி மாத்தி வைங்க. லேயர் மாறுற இடம் வயா, அதுக்கு தனியா செலவு போடணும். நான் முதல்ல 0ன்னு விட்டுட்டேன், ஒயர் ஒரு கட்டம் படுக்க ஒரு கட்டம் நெட்டன்னு படிக்கட்டு மாதிரி ஏறிப் போச்சு, ஒவ்வொரு படிக்கும் ஒரு வயா, ரெசிஸ்டன்ஸ் என்னாகும்னு நினைச்சுப் பாருங்க. ஒரு கட்டத்துக்கு 1னா வயாவுக்கு 5ல ஆரம்பிச்சு மாத்திப் பாருங்க.

மூணு நாலு பின் இருக்கிற நெட்டுக்கு (ஒண்ணா இணைய வேண்டிய பின்களோட கூட்டம்தான் நெட்) ஒரு பின்ல ஆரம்பிச்சு பக்கத்துல இருக்கிற பின்ன புடிச்சதும் அந்த மொத்த ஒயரையும் ஆரம்பப் புள்ளியா வச்சு அடுத்த பின்ன தேடுங்க. இது மிகச் சிறந்த மரம் தரும்னு சொல்ல முடியாது, எல்லா பின்னையும் மிகக் குறைஞ்ச ஒயர்ல சேர்க்கிற அந்த ஸ்டைனர் மரப் பிரச்சினை என்பி-கம்ப்ளீட்னு, அதாவது எப்பவும் வேகமா சரியான விடை தர்ற வழி யாருக்கும் தெரியாத வகைன்னு, 1977லயே காட்டிட்டாங்க, நம்ம வேலைக்கு இது போதும்.

இப்பதான் உண்மையான தலைவலி. ஒத்த ஒயருக்கு வழி தேடுறது ஈஸி, எந்த ஒயர முதல்ல போடுறதுங்கிறதுதான் கஷ்டம். முதல்ல போனவன் இருக்கிற ஒரே சந்துல புகுந்துட்டா அடுத்தவனுக்கு வழியே இருக்காது. சரி, மறிக்கிறவன பிச்சுப் போட்டுட்டு திரும்பப் போடலாம்னு எழுதினேன், ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கி காலைல பார்த்தா ரெண்டு நெட்டும் ஒண்ண ஒண்ணு பிச்சு பிச்சு போட்டு அதே இடத்துல நிக்குது, லேப்டாப் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது.

இதுக்கு மருந்து 1995ல மெக்மர்ச்சியும் எபெலிங்கும் எஃப்பிஜிஏவுக்காக (தயாரிச்ச பிறகும் உள்ள இருக்கிற சர்க்யூட்ட மாத்திக்கக்கூடிய சிப்) எழுதின பாத்ஃபைண்டர். ஆரம்பத்துல எல்லாரும் எல்லார் மேலயும் போகட்டும்னு விட்டுரு, ரெண்டு நெட் ஒரே கட்டத்துல ஒட்டி ஷார்ட் ஆனாலும் பரவால்ல. ஒவ்வொரு ரவுண்டும் எல்லா நெட்டையும் திரும்பப் போடு, ஆனா கட்டத்தோட விலை மாறும்: அடிப்படை விலையோட பழைய நெரிசல் கணக்க கூட்டி, அத இப்பத்திய நெரிசலால பெருக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு கிளம்புறவன் ஓசூர் ரோட்டுல இன்னைக்கு ஜாமான்னு மட்டும் பார்க்க மாட்டான், மூணு வாரமா மாட்டினது ஞாபகம் வந்து பன்னேர்கட்டா, ஆனேக்கல் வழியா போயிருவான்ல, அந்த ஞாபகம்தான் இந்த பழைய கணக்கு. ரெண்டு நெட் ஒரு கட்டத்துக்கு அடிச்சுக்குதுன்னு வைங்க, ஒருத்தன் சுத்திப் போனா 2 கட்டம் கூட, இன்னொருத்தனுக்கு 6. ரவுண்டுக்கு 1ன்னு பழைய கணக்கு ஏறினா (இப்பத்திய பெருக்கல விட்டுட்டு பார்த்தா) மூணாவது ஏத்தத்துல முதல் ஆளு தானா விலகிருவான், சுத்து கம்மியா இருக்கிறவன் ஒதுங்குறான், யாரும் வரிசை சொல்லத் தேவையில்ல. பழைய கணக்க மட்டும் எப்பவும் அழிச்சிராதீங்க, அழிச்சா திரும்ப அதே பிங்பாங்தான்.

பெரிய டிசைன்ல இதையே முதல்ல பெரிய பெரிய கட்டமா வச்சு எந்த ஏரியா வழியா போகணும்னு தோராயமா பிரிச்சுக்குவாங்க, அது குளோபல் ரவுட்டிங், அப்புறம்தான் டீட்டெய்ல். ஓபன்ரோடுங்கிற ஓபன் சோர்ஸ் சிப் டிசைன் டூல்ல குளோபலுக்கு ஃபாஸ்ட்ரூட், டீட்டெய்லுக்கு டிரைட்டன்ரூட், சோர்ஸ் கோடு ஃப்ரீயா கிடைக்கும், ஸ்கைவாட்டர்ங்கிற சிப் தயாரிக்கிற கம்பெனியோட 130 நானோமீட்டர் பிடிகேயும் (அவங்ககிட்ட சிப் செய்யத் தேவையான விதிகளும் விவரங்களும் அடங்கின தொகுப்பு) 2020ல இருந்து ஃப்ரீ, அஞ்சு மெட்டல் லேயர், உங்க குட்டி ரவுட்டர் முடிஞ்சதும் அத வச்சு விளையாடுங்க.

கடைசியா ரிசல்ட்ட செக் பண்ற கோட ரவுட்டர் கோடோட கலக்காம தனியா எழுதுங்க. ஒரு நெட்டோட எல்லா பின்னும் ஒரே துண்டா சேர்ந்திருக்கா, ஒரு கட்டத்துல ரெண்டு நெட் இருக்கா, இந்த ரெண்டு கேள்வி போதும். நம்ம தம்பி எழுதினதுல ரவுட்டர் "முடிஞ்சது"ன்னு சொல்லிச்சு, செக்கர் 14 ஷார்ட்னு சொல்லிச்சு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தா அடுத்த நெட்டோட பின் இருக்கிற கட்டத்த பிளாக் பண்ணவே இல்ல, ஒயரெல்லாம் அது மேலயே ஏறிப் போயிருக்கு.