பல்லைப் பார்க்க முதல் ஆளைக் கேளுங்கள்

பேராதனையில் படித்து முடித்து, முதல் நியமனமாக வன்னிக்கு வரும் பல் வைத்தியத் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஆள் கதிரையில் இருந்ததும் வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள். முதல் 5 நிமிடம் கேட்பதற்குரியது.

படி 1: "என்ன செய்யுது அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "பல்லுக் கொதிக்குது" என்றால் அதையே எழுதுங்கள்.

படி 2: நோவைப் பிரித்துக் கேளுங்கள். குளிர்தண்ணீர் பட்டுக் கூசி உடனே நின்றுவிட்டால், சூத்தையைச் சுரண்டி அடைப்பதே பெரும்பாலும் போதும். குளிர் போன பிறகும் நின்று வலித்து, இரவில் நித்திரையைக் கெடுத்தால் பல்லின் நரம்பு இனி மீளாது. வேர்ச் சிகிச்சை, இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். கடித்தால் நோ, பல் உயர்ந்தது போல இருக்கிறது என்றால் அழற்சி வேர் நுனிக்கு வந்துவிட்டது.

கையையும் கவனியுங்கள். ஓர் அம்மா உள்ளங்கையை இடது கன்னத்தில் வைத்து, "இந்தப் பக்கம் முழுக்க, கீழ்ப் பல்லுத்தான்" என்றார். ஐஸ் குச்சியை ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தேன். துள்ளியது மேல் கொடுப்புப் பல்! நரம்பு நோ மேல், கீழ் தாடை மாறித் தெரியும். மற்றப் பக்கத்துக்குத் தாண்டுவது அரிது. ஒரு விரலால் ஒரே பல்லைத் தொட்டுக் காட்டுகிறவருக்கு வேர் நுனியைச் சந்தேகியுங்கள்.

படி 3: "வேற வருத்தம் இருக்கா?" என்றால் "ஒண்டுமில்லை" என்பார்கள். "கிளினிக் கொப்பி இருக்கா?" என்று கேளுங்கள், பையிலிருந்து வெளியே வரும். சீனி, பிரஷர், இரத்தம் உறையாமல் போடும் குளிசை, பெனிசிலின் ஒவ்வாமை எல்லாம் பாருங்கள். சிறுநீரக வருத்தக்காரருக்கு டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்ற நோ மருந்து எழுத வேண்டாம். சிறுநீரக வருத்தம் கூடுதலாக உள்ள வவுனியாப் பக்கம் இதை மறக்கவே கூடாது.

படி 4: "சின்ன வயசில எங்க இருந்தனீங்கள்? எந்தக் கிணத்துத் தண்ணி?" இடம்பெயர்ந்து வாழ்ந்த சனத்திடம் இன்றைய முகவரியால் பயனில்லை. ஞானப்பல் தவிர மற்றப் பற்களின் முடி, அதாவது வாயில் வெளியே தெரியும் பகுதி, ஏறக்குறைய 8 வயதுக்குள் உருவாகிவிடும். அந்த வயதில் குடித்தால் பல்லில் கறை விழுத்தும் புளோரைட், வவுனியாவில் சில கிணறுகளில் அதிகம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை, மண்ணிறக் கறை இருந்தால் அதை நினையுங்கள். சரியாகத் துலக்கவில்லை என்று ஒரு பிள்ளைக்கு ஏச்சு விழுந்ததைக் கண்டிருக்கிறேன். பாவம், அது பிள்ளையின் பிழையே இல்லை.

எக்ஸ்ரே எடுக்க முதல், முகத்தில் ஷெல் காயம் பட்டதா என்று மெதுவாகக் கேளுங்கள். 2009க்குப் பிறகும் துண்டுகளை உடம்பில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். படத்தில் அது பளிச்சென்று வெள்ளையாக விழும். கதையைத் தோண்ட வேண்டாம். வெற்றிலை, புகையிலையும் கேளுங்கள். 3 கிழமையாகியும் ஆறாத புண்ணை உடனே வாய் முக அறுவை நிபுணரிடம் அனுப்புங்கள்.

படி 5: இப்போது வாயைத் திறக்கச் சொல்லலாம். முரசைப் பாருங்கள், பல்லைத் தட்டுங்கள், குளிர் வையுங்கள். கேட்ட கதையும் கண்டதும் பொருந்தாவிட்டால் பிடுங்காதீர்கள். வீக்கம், காய்ச்சல் இல்லையென்றால் நோவுக்குப் பனடோல் கொடுத்து, அவர்கள் ஊருக்கு பஸ் உள்ள நாளைக் கேட்டு, அந்த நாளையே திரும்பி வரக் கொடுங்கள்.