குடும்ப வருமானமும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக உதவித்தொகையும்

வருமானம் குறைவு என்ற காரணத்தால் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க விடாமல் இருந்துவிடாதீர்கள். இடம் கிடைப்பது பெரும்பாலும் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) மதிப்பெண்களையும் எடுத்த பாடங்களையும் பொறுத்தது. கட்டணத்தை யார் செலுத்துவது என்பதில்தான் குடும்ப வருமானம் குறுக்கிடுகிறது. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்துக்கும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; அரசு உதவித்தொகைக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்னும் தேசிய மாணவர் நிதியுதவி நிறுவனத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் உதவித்தொகைக்கான கெடு கடந்துவிடும்.

2018 முதல் அந்த உதவித்தொகைக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 3,50,000 ரேண்டாகவும், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 6,00,000 ரேண்டாகவும் உள்ளது. இது தந்தையின் சம்பளத்தை மட்டும் குறிப்பதன்று. பெற்றோர் இருவரும் ஈட்டும், பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தத் தொகையைக் குறிப்பது. தந்தை மாதம் 18,000 ரேண்டும் தாய் 12,500 ரேண்டும் பெற்றால் ஆண்டுக்கு 3,66,000 ரேண்டு ஆகிறது. கைக்கு வரும் பணத்தை மட்டும் கூட்டிப் பார்க்கும் குடும்பம், தான் வரம்பைத் தாண்டிவிட்டதை அறியாமலே நம்பிக்கையோடு இருந்துவிடும். ஆகவே பேஸ்லிப்பில் மொத்தச் சம்பளம் என்றிருக்கும் வரியைப் பார்த்தே கணக்கிடுங்கள். வருமானத்தை ஒருபோதும் குறைத்து எழுத வேண்டாம். வரித்துறைப் பதிவுகளோடு அது ஒப்பிடப்படும். சாசா (அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை) உதவி பெறும் மாணவருக்கு வருமானச் சோதனை தனியாகத் தேவைப்படுவதில்லை.

தனியார் கல்லூரிகளுக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவி கிடையாது. அங்கே முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதை நினைவில் கொள்ள வேண்டும். கட்டிய பிறகு வருந்தும் குடும்பங்களை எண்ணும்போது மனம் கனக்கிறது.

வரம்பைத் தாண்டி 6,00,000 ரேண்டுக்குள் இருக்கும் குடும்பங்கள்தாம் உண்மையில் அதிகம் தவிக்கின்றன: இலவச உதவிக்கு வருமானம் அதிகம், முழுக் கட்டணத்துக்கோ போதாது. இவர்கள் இக்குசாசா மாணவர் நிதித் திட்டத்துக்கும், 2024இல் தொடங்கிய அரசுக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு ஃபுன்சா லுஷாகா பர்சரி என்ற அரசு உதவித்தொகை உண்டு. அது வருமானத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும்.

விண்ணப்பித்த பின் பெற்றோரில் ஒருவர் வேலையிழந்தாலோ இறந்தாலோ, நிராகரிப்பை முடிவாகக் கொள்ளாமல், பணிநீக்கக் கடிதத்தையோ இறப்புச் சான்றிதழையோ இணைத்து உடனே மேல்முறையீடு செய்யுங்கள்.