பதிவுக்கு முன்னால் ஒரு கணக்கு நோட்டு

மதுரை செல்லூரில் மாலை டியூஷன் நடத்தலாம், ஊர்க் கண்மாயைச் சுத்தம் செய்யலாம் என்று கல்லூரிப் பிள்ளைகள் கூடினாலே முதல் கேள்வி, "அண்ணே, டிரஸ்டாகப் பதியலாமா, சங்கமாகப் பதியலாமா?" என்பதுதான். அதற்கு அவசரமே இல்லை. ஆறு மாதம் ஒரே தெருவில் ஒரே வேலையைச் செய்யுங்கள். ஆனால் முதல் ரூபாய் வரும் அன்றே வரவு செலவு நோட்டுப் போட்டுவிடுங்கள்.

நாங்கள் சறுக்கியது இதில்தான். நன்கொடையெல்லாம் ஒரு தம்பியின் ஜிபேயில் வாங்கினோம். அவன் ஒரு பைசா தொடவில்லை. சொந்தப் பணமும் பொதுப் பணமும் கலந்துபோய், கணக்குக் கேட்டபோது பிள்ளை அழுதுவிட்டான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஒருவர் வாங்க, இன்னொருவர் எழுத, சனிக்கிழமைதோறும் எல்லோர் முன்னும் வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பிறகு பதிவு. சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். நன்கொடையாளருக்கான வரிச்சலுகை தானாக வராது, வருமான வரித் துறையில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

நன்கொடையை மட்டும் நம்பாதீர்கள். 1976-ல் இதே மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் கொடுப்போரின் வருமானத்தைக் கொண்டே ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்து வளர்ந்தது. டியூஷனிலும் முடிந்த வீடுகளில் மாதம் 100 ரூபாய் வாங்கலாம். யார் கொடுக்கிறார், யார் கொடுக்கவில்லை என்பது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது.