சூடு பண்ணினால் சரியாகிவிடுமா? மீந்த சோற்றில் நாம் செய்யும் தவறுகள்

மதியம் வடித்த சோறு ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே கிடக்கும். பசிக்கிறபோது வாணலியில் எண்ணெய் விட்டு, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் முட்டை சோறு ரெடி. எங்கள் வீட்டிலும் பல வருடம் இதுதான் வழக்கம். "நல்லா சூடு பண்ணியாச்சுல்ல, கிருமியெல்லாம் செத்திருக்கும்" என்று ஒரு சமாதானம் வேறு. கிருமி சாகும், சரி. அது ஏற்கனவே சோற்றில் விட்டுவைத்த நச்சு என்ன ஆகும்?

மண்ணிலிருந்து அரிசியோடு ஒட்டிக்கொண்டு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு வித்துகள் உண்டு. கெட்டியான ஓட்டுக்குள் தூங்கும் இந்த வித்துகள் உலை கொதிப்பதைத் தாங்கிக்கொண்டு, சோறு ஆறி வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். அதில் சில வகைகள் செரியுலைடு என்ற நச்சை விடும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வருவது அதனால்தான். அந்த நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் அழியாது, பிரஷர் குக்கருக்குள்ளேயே வெப்பம் ஏறத்தாழ அவ்வளவுதான் ஏறும், அப்படியிருக்க வாணலியில் ஐந்து நிமிடக் கிளறல் என்ன செய்துவிடும்? சோறு ஊசிப்போனால் வாடை காட்டிக்கொடுக்கும் என்பதையும் நம்பாதீர்கள், இந்த நச்சுக்கு வாடையே கிடையாது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் கணக்கு. ஈ.கோலை மாதிரியான பாக்டீரியா 37 டிகிரியில், தீனி தாராளமாக இருந்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டு, இரண்டு நான்கு என்று போட்டுப் பாருங்கள், 7 மணி நேரத்தில் ஒரே ஒரு பாக்டீரியா 20 லட்சத்தைத் தாண்டிவிடும். சித்திரை வெயிலில் நம் சமையலறையே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

அடுத்த தவறு, பெரிய பாத்திரம். விசேஷத்துக்கு வைத்த கறிக்குழம்பு மூடிபோட்ட அண்டாவில் அப்படியே ராத்திரி முழுக்க ஆறும். மேலே தொட்டால் ஆறின மாதிரி இருக்கும், அடியில் கரண்டி விட்டால் சூடாகவே இருக்கும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு 43, 45 டிகிரி என்றால் கொண்டாட்டம், 10 நிமிடத்துக்குள்ளேயே கூட இரட்டிக்கும். இதற்கு மட்டும் மறுபடி தளதளவென்று கொதிக்கவிடுவது நிஜமாகவே உதவும், ஏனென்றால் இது நச்சை விடுவது பெரும்பாலும் நம் வயிற்றுக்குள் போன பிறகுதான். ஆனாலும் அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுவதுதான் உத்தமம். சூடாக எதையும் ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்பார்கள். அண்டாவோடு வைத்தால்தான் பக்கத்துப் பாலும் சூடாகும், சின்ன டப்பா லேசான சூட்டோடு போனால் ஒன்றும் ஆகாது.

ஃப்ரீசரில் வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பதும் தப்பு. மைனஸ் 18 டிகிரியில் பாக்டீரியா பெருகாது, பெரும்பாலானவை தூங்கும், அவ்வளவுதான். ஃப்ரீசரில் வைத்த கோழிக்கறியை எடுத்து மேடையில் நாலு மணி நேரம் வைத்தால் நடுவில் பனிக்கட்டியும் வெளிப்பக்கம் அறை வெப்பமுமாக இருக்கும். முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தயிர் விஷயத்தில் நாமே பாக்டீரியாவைக் கொல்கிறோம். பால் ஆறுவதற்குள் அவசரப்பட்டு உறை ஊற்றினால் தயிர் பாக்டீரியா செத்துப்போகும். அதற்குப் பிடித்தது 40 முதல் 45 டிகிரி, விரல் பொறுக்கும் சூடு. மார்கழியில் தயிர் உறையவில்லை என்று இன்னும் இரண்டு கரண்டி உறைமோர் விடுவதைவிட, பாத்திரத்தைத் துணி சுற்றி வைத்தால் வேலை நடக்கும்.

கடைசியாக ஃப்ரிட்ஜ் டயல். அதில் 4 என்று இருந்தால் உள்ளே 4 டிகிரி என்று அர்த்தமில்லை, பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் கூடக்கூட குளிர் கூடும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் பாருங்கள். 5க்கு மேல் காட்டினால் டயலைத் திருப்புங்கள்.