முட்டி வலின்னு வந்தவரை உட்கார வைக்காதீங்க

போன வாரம் எங்களிடம் பிசியோதெரபி இன்டர்ன்ஷிப் வந்திருக்கும் தம்பி ஒருத்தர், அறுபது வயது அம்மா ஒருவரிடம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். “ஜவ்வு சுத்தமா தேஞ்சுடுச்சும்மா. எலும்பும் எலும்பும் உரசுது. இனிமே நடையைக் குறைச்சுக்கோங்க.”

திரைக்கு இந்தப் பக்கம் வேறொருவருக்கு ஐ.எஃப்.டி (வலி குறைக்கப் பேடு ஒட்டிக் கொடுக்கும் மின்சிகிச்சை) போட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை மாறாமல் நான் சொன்னது அது. பேடை இடம் மாற்றி ஒட்டுவது, ஐஸ் வைக்க வேண்டிய இடத்தில் ஒத்தடம் கொடுப்பது மாதிரியான தப்பெல்லாம் சீனியர் ஒரு அதட்டல் போட்டால் மறுநாளே சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் அவ்வளவு சுலபத்தில் திருந்தாத தப்புகளைத்தான் எழுதுகிறேன்.

ஓய்வு எழுதிக் கொடுப்பது

ஆட்டுக்கால் வாங்கியிருந்தால் பார்த்திருப்பீர்கள். மூட்டைப் பிரித்தால் எலும்பு நுனியில் நீலம் பாய்ந்த வெள்ளையில் ஒரு பூச்சு பளபளக்கும். விரல் வைத்தால் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கி மீளும். அதற்குள் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலில் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். முட்டிச்சில்லுக்கு அடியில் மட்டும் கொஞ்சம் கூடுதல். எடையில் பெரும்பங்கு தண்ணீர். மிச்சத்தில் முக்கியமானவை கொலாஜன் நாரும், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் புரோட்டியோகிளைகானும். ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது.

ரத்தமே போகாத இடத்தில் இருக்கும் செல்லுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து. நல்ல முழங்காலில் அது ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி நீர் வெளியே கசிகிறது. காலைத் தூக்கும்போது திரும்ப உள்ளே ஊறுகிறது. அந்தப் போக்குவரத்தில்தான் சத்து உள்ளே போய்க் கழிவு வெளியே வருகிறது. தண்டுவடத்தில் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களின் முழங்காலை எம்.ஆர்.ஐ எடுத்து அளந்திருக்கிறார்கள். ஓரிரு வருஷத்துக்குள்ளேயே குருத்தெலும்பு மெலிந்திருந்தது. மூட்டில் எந்த அடியும் இல்லை, எடை விழவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குப் படிக்கும்போதே தெரியும். பரீட்சையில் படம் வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் வேலைக்கு வந்த முதல் வருஷம், சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் அக்கா ஒருவர் முட்டி வலியோடு வந்தபோது என் வாயில் வந்தது, “மூணு மாசம் நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா, முட்டிக்கு அடியில தலகாணி வச்சுப் படுங்க.” அவரும் அப்படியே கேட்டுத் தொலைத்தார்.

மூன்று மாதம் கழித்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். டேப்பை எடுத்து, முட்டிச்சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே தொடையைச் சுற்றி அளந்தேன். முதல் நாள் எழுதி வைத்திருந்ததைவிட இரண்டரை சென்டிமீட்டர் குறைவு. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நீட்டச் சொன்னால் முட்டிக்கு அடியில் என் கை தாராளமாக நுழைந்தது. தலையணை மேல் மடங்கியே கிடந்த மூட்டு அப்படியே இறுகிவிட்டது. எடை ஆறு கிலோ ஏறியிருந்தது. கூடத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. “நீங்க சொன்ன மாதிரிதானே தம்பி இருந்தேன்” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு கிலோ இளைத்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் கிட்டத்தட்ட நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் ஒரு ஆய்வு வந்தது. ஏறின ஆறு கிலோவுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாங்க வேண்டிய தொடைத் தசையையும் நானே கரைத்து அனுப்பியிருந்தேன்.

நடையை நிறுத்தச் சொல்லாமல் அளவு சொல்லுங்கள். நடந்தபின் கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் தூரம் சரி. இறங்காவிட்டால் தூரத்தைக் குறைக்கலாம். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியால் அதை ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்திப் பிடித்து விடச் சொல்லுங்கள், பத்துத் தடவை. முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும்! அதையே தலையணையாக்கித் தூங்குகிறவர்கள் உண்டு.

எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்துவது

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. தெரிவது எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதுவும் நிற்க வைத்து எடுத்திருந்தால்தான் நம்பலாம். தேய்மானம் எவ்வளவு என்று சொல்ல, கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1957-இல் வகுத்த கிரேடைத்தான் இன்றைக்கும் எழுதுகிறோம். அதில் நாலுதான் மோசம். நாலாம் கிரேடோடு மலைக்கோயில் படி ஏறுகிறவர்களையும், இரண்டாம் கிரேடோடு அழுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நரம்பே இல்லாத குருத்தெலும்பு எப்படி வலிக்கும்? வலிப்பது அடியிலுள்ள எலும்பும், மூட்டுறையும், அதன் உள்சவ்வும். “எலும்பு உரசுது” என்று ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அந்த மனிதர் ஒவ்வொரு அடியிலும் அந்த உரசலைக் கேட்பார். பிறகு எந்தப் பயிற்சியைச் சொன்னாலும் செய்ய மாட்டார்.

எல்லாவற்றுக்கும் ‘ஜவ்வு’

தசைநார் கிழிந்தாலும் ஜவ்வு, முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு, குருத்தெலும்பு தேய்ந்தாலும் ஜவ்வு. நோயாளி சொல்லட்டும். நாம் சொல்லக் கூடாது.

சூப்பும் மாத்திரையும்

ஆட்டுக்கால் சூப்பை ருசிக்குக் குடிக்கலாம். அதிலுள்ள கொலாஜன் வயிற்றில் செரித்துத்தான் உள்ளே போகும், நேராக முட்டிக்கு வண்டி ஏறாது. குளுக்கோசமைனை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி

எப்போதாவது ஒன்று என்றால் டாக்டர் பாடு. இரண்டு வருஷம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகமாகக் கரைந்திருந்தது. வலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கைத்தடி

வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில்.

சூடான முட்டியையும் தேய்மானக் கணக்கில் சேர்ப்பது

காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்குள் விறைப்பு விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், கைவிரல் மூட்டுகளும் வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். முட்டி திடீரென்று சிவந்து வீங்கி, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கிருமி புகுந்த மூட்டில் சில நாளிலேயே குருத்தெலும்பு அழிந்துபோகும். டேப்பையும் துண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்த நிமிஷமே டாக்டரிடம் அனுப்புங்கள்.