பாரதியார் படத்தின் வரலாற்றுண்மையைச் சரிபார்க்கும் முறை

2000ஆம் ஆண்டில் ஞான ராஜசேகரன் இயக்கி வெளிவந்த ‘பாரதி’ போன்றதொரு படத்தைப் பார்த்துவிட்டுக் கொதிப்பதற்கோ கொண்டாடுவதற்கோ முன், மனத்தை உறுத்திய காட்சியை ஆண்டு, ஊர், உடனிருந்தோர் எனப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தின் தமிழ்த் தொகுப்பில் பாரதியாரின் மனைவி செல்லம்மா பாரதி, புதுச்சேரியில் சிறுமியாக அவரோடு பழகிய யதுகிரி அம்மாள், அவருடைய நண்பரான எழுத்தாளர் வ.ரா. ஆகியோரின் நினைவுநூல்களைத் தேடி, அவர்கள் நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறுபடுத்திப் படியுங்கள்.

காட்டாக, திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதாலேயே பாரதியார் இறந்தார் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். உண்மையில், அதிலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை சென்று சொற்பொழிவாற்றிய பின்னரே, 1921 செப்டம்பரில் அவர் வயிற்றுக்கடுப்பால் காலமானார்.

இத்தகைய காரணப் பிழையைக் கண்டிப்பது வாசகரின் கடமை என்றே கருதுகிறேன். வீட்டுக்குள் நிகழும் கற்பனை உரையாடலை மன்னிக்கலாம். கண்டித்து எழுதும்போது நூலின் பெயரையும் பக்க எண்ணையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.